பூனையின் தீராத சளி: மூக்குக் கட்டி, தொண்டைக் கட்டி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சிறு பிராணிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர். என் மேசைக்கு வரும் தும்மல்களில் மிகச் சிலவே கட்டியாக முடிகின்றன. ஆனால் அந்தச் சில பூனைகள் வந்து சேரும்போது பல மாதங்கள் வீணாகியிருக்கும். நான்கைந்து மருந்துச் சீட்டுகள் கவரில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அவற்றின் உரிமையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை.

சாதாரணச் சளியா, கட்டியா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

உறுதியாகச் சொல்ல முடியாது. சந்தேகப்பட முடியும், அதுவே பெரிய உதவி.

பூனைகளுக்கு வரும் தொற்றுச் சளி பெரும்பாலும் ஹெர்பெஸ் வைரஸாலும் கலிசி வைரஸாலும் வருகிறது. இரண்டு மூக்கும் ஒழுகும், கண்ணில் நீர் வடியும், காய்ச்சல் அடிக்கும், சில பூனைகளுக்கு நாக்கில் புண் வரும். இரண்டு மூன்று வாரங்களில் அடங்கிவிடும். குட்டியாக இருந்தபோது கடுமையாகப் பாதிக்கப்பட்ட பூனைக்கு ஆயுள் முழுவதும் அவ்வப்போது மூக்கு ஒழுகலாம். அப்படிப்பட்ட பூனை தும்மினால் எனக்குப் பெரிய கவலை வராது.

எட்டு ஒன்பது வயது வரை சளியே பிடிக்காத பூனை திடீரென்று தும்மத் தொடங்கினால்தான் கவலை. அதிலும் ஒரு மூக்கு மட்டும் ஒழுகுவது, சளியில் இரத்தக் கீற்று, புதிதாக வந்த குறட்டை, ஒரே கண்ணில் நீர், மூக்கின் மேல் மெல்லிய மேடு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்துகொண்டால் காத்திருக்க வேண்டாம். பூனைக்கு நேர் மேலே நின்று, அதன் தலையைக் கீழ்நோக்கிப் பாருங்கள். இரண்டு கண்களும் சமமாகத் தெரிகின்றனவா, ஒன்று சற்றுப் பிதுங்கியிருக்கிறதா என்பது அந்தக் கோணத்தில்தான் நன்றாகத் தெரியும். கைபேசியில் இருக்கும் பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். தினமும் பார்க்கும் முகத்தில் மாற்றம் நமக்குத் தெரிவதில்லை.

ஆன்டிபயாடிக் கொடுத்தால் நின்றுவிடுகிறது. அப்படியென்றால் அது தொற்றுதானே?

இந்தக் கேள்விதான் அதிகக் காலத்தைத் தின்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் பதினோரு வயது ஆண் பூனையை வயர் கூடையில் துண்டு விரித்து எடுத்து வந்தார். பெயர் செவலை. எட்டு மாதங்களில் நான்கு முறை ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். "ஒவ்வொரு முறையும் ஐந்தாம் நாள் மூக்கு காய்ந்துவிடுகிறது, டாக்டர். மருந்தை நிறுத்திப் பத்து நாளில் மறுபடியும் வந்துவிடுகிறது" என்றார். வெட்டுக்காயத்துக்கு மருந்து போட்டு ஆறியதைச் சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியத்திலேயே நோயின் துப்பு இருந்தது.

கட்டி மூக்கை அடைத்தால் அதன் பின்னால் சளி தேங்குகிறது. தேங்கிய சளியில் பாக்டீரியா பெருகுகிறது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்கிறது, சளி வற்றுகிறது, கட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அடைத்துக்கொண்ட சாக்கடையில் பினாயில் ஊற்றுவது போல. நாற்றம் போகும், அடைப்பு போகாது. ஒரு முறை முழுமையாக மருந்து கொடுத்து, மீண்டும் வந்தால், இரண்டாவது ஆன்டிபயாடிக்கைத் தேடுவதை விட மூக்குக்குள் என்ன இருக்கிறது என்று தேடுவதே சரி.

ஸ்டீராய்டு இதைவிட மோசமாக ஏமாற்றும். பூனையின் மூக்கில் அதிகம் வரும் கட்டி லிம்போமா என்னும் புற்றுநோய். ப்ரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு லிம்போமா செல்களையே கொல்லும். ஊசி போட்ட மறுநாள் பூனை மூச்சு விட்டுச் சாப்பிடும், வீடே மகிழும். சில வாரங்கள் கழித்து அடைப்பு திரும்பி வரும்போது திசு எடுத்தால், சிதைந்த செல்களையும் அழற்சியையும் பார்த்துவிட்டு நோயியல் நிபுணர் கையை விரிக்க நேரிடலாம். ஆகவே திசு எடுக்கும் முன் ஸ்டீராய்டு வேண்டாம். போட்ட ஊசியின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "சளி ஊசி" என்று ஒரு மருந்து கிடையாது.

பூனையின் மூக்கில் என்னென்ன கட்டிகள் வரும்?

முதலிடம் லிம்போமாவுக்கு. வெள்ளை அணுக்களில் ஒருவகையான லிம்போசைட்டுகளில் தோன்றும் புற்றுநோய் இது. நாய்களின் மூக்கில், உட்சவ்விலும் சுரப்பிகளிலும் தோன்றும் புற்றுநோயான கார்சினோமா வகைகள்தான் முதலிடம்; பூனைகளில் அவை லிம்போமாவுக்கு அடுத்து வருகின்றன. நாய்களுக்காக எழுதப்பட்டதைப் படித்துவிட்டுப் பூனைக்கு முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். இவற்றுக்கும் பின்னால், மிக அரிதாக, நார்த்திசுவில் வரும் ஃபைப்ரோசார்கோமா, குருத்தெலும்பிலும் எலும்பிலும் வரும் சார்கோமாக்கள், மெலனோமா, மோப்ப நரம்பின் திசுவில் தோன்றும் நியூரோபிளாஸ்டோமா ஆகியவை உண்டு. நான் பெயர்களை அடுக்குவதற்குக் காரணம், ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு, எதிர்காலமும் வேறு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே "ஒரு பக்கம் மூக்கடைப்பு" மட்டும்தான்.

கட்டி மூக்கில் இருக்கிறதா, பின்னால் தொண்டைப் பக்கம் இருக்கிறதா என்று எப்படி ஊகிக்கிறீர்கள்?

சத்தத்தை வைத்து. இதற்கு இயந்திரம் தேவையில்லை, பொறுமை தேவை.

மூக்குக்குள் இருந்தால் தும்மலும் ஒழுக்கும் முன்னே நிற்கும். மூக்கின் பின்வாசலில், அதாவது மென் அண்ணத்துக்கு (மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதிக்கு) மேலே மூக்கும் தொண்டையும் சேரும் இடத்தில் இருந்தால், ஒழுக்கு குறைவாக இருக்கும், குறட்டை அதிகமாக இருக்கும். விழித்திருக்கும்போதே குறட்டை வரும். விழுங்கும்போது ஓங்கரிக்கும், உணவை எடுத்துவிட்டு மூச்சுக்காக இடையில் நிறுத்தும். அடைப்பு முற்றினால் வாயைத் திறந்து மூச்சு விடும். இந்த இடத்து நோய்களை மட்டும் ஆராய்ந்து 1999இல் வெளியான ஓர் ஆய்வில் 53 பூனைகள் இருந்தன. ஏறக்குறையப் பாதிக்கு லிம்போமா. கால் பங்குக்குச் சற்று அதிகமானவற்றுக்குப் பாலிப் என்னும் தீங்கற்ற சதை வளர்ச்சி.

குரல்வளையில் இருந்தால் சத்தம் குறட்டையாக இருக்காது. மூச்சை உள்ளே இழுக்கும்போது சன்னமான சீழ்க்கை போலக் கேட்கும். பூனை கத்தும் குரலே மாறிவிடும். "கொஞ்ச நாளாகக் கத்துவதே இல்லை, சமர்த்தாகிவிட்டது" என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னதுண்டு.

மருத்துவமனைக்கு வந்ததும் பயத்தில் பூனை சத்தத்தை நிறுத்திவிடும். அதனால் வீட்டில் தூங்கும்போதும் சாப்பிடும்போதும் ஒரு நிமிடம் காணொளி எடுத்து வாருங்கள், சத்தத்தோடு.

முதல் நாள் மருத்துவர் என்ன பார்ப்பார்?

மூச்சுக்காற்று இரண்டு பக்கமும் வருகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. குளிர்ந்த கண்ணாடிச் சில்லை மூக்கின் முன் பிடித்தால் இரண்டு ஆவிப் பொட்டுகள் விழ வேண்டும் என்று பாடப் புத்தகம் சொல்லும். கடலோர ஊரின் புழுக்கத்தில் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த சில்லு பூனையின் மூக்குக்குப் போகும் முன்பே தானாக வியர்த்துவிடும். நான் பஞ்சை நம்புகிறேன். பஞ்சிலிருந்து ஓர் இழையைப் பிரித்து, மின்விசிறியை அணைத்துவிட்டு, வாயை மூடிப் பிடித்து ஒவ்வொரு துவாரத்தின் முன்னும் காட்டுவேன். செவலையின் இடது மூக்கின் முன் இழை மூச்சுக்கு மூச்சு ஆடியது. வலது மூக்கின் முன் அசையவே இல்லை. ஆசிரியையும் குனிந்து பார்த்தார். அதுவரை "சளி" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அதன் பிறகு அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

பிறகு இரண்டு கண்களையும் இமையின் மேலாக மெல்ல உள்ளே அழுத்திப் பார்ப்பேன். ஒன்று அமுங்க மறுத்தால் அதன் பின்னால் எதுவோ இடத்தைப் பிடித்திருக்கிறது. வாயைத் திறந்து மேலண்ணம் சமமாக இருக்கிறதா, மேல் பற்களின் வேரில் சீழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல்லின் சீழ் மூக்கு வழியாக ஒழுகி எல்லோரையும் அலைக்கழிப்பதுண்டு. தாடைக்கு அடியில் நெறி கட்டியிருந்தால் ஊசி போட்டு உறிஞ்சி அன்றே கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்க்கலாம். மூக்கின் மேல் வெளியே புடைத்திருந்தாலும் அப்படியே. அதிர்ஷ்டம் இருந்தால் மயக்க மருந்து இல்லாமலேயே அந்தத் துளியில் விடை கிடைத்துவிடும். கண்ணின் விழித்திரையையும் பார்ப்பது வழக்கம். ஏன் என்பது பூஞ்சை பற்றிய கேள்வியில் வருகிறது.

இரத்தப் பரிசோதனையில் புற்றுநோய் தெரியாதா?

மூக்குக் கட்டி இரத்தத்தில் தெரியாது. பிறகு எதற்கு எடுக்கிறோம்? மயக்க மருந்தைத் தாங்குமா என்று அறிய. வயதான பூனைக்குச் சிறுநீரகம், தைராய்டு, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. மூக்கிலிருந்து இரத்தம் வந்திருந்தால் தட்டணுக்களின் எண்ணிக்கையும் இரத்தம் உறையும் நேரமும் கட்டாயம் வேண்டும். உறையாத இரத்தத்தோடு மூக்கைக் கிள்ளப் போகக் கூடாது. லிம்போமாவுக்கு வழிவகுக்கக்கூடிய ஃபெலைன் லுகீமியா வைரஸ், பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எஃப்.ஐ.வி. வைரஸ் இரண்டுக்கும் சோதனை செய்வோம். ஆனால் மூக்கு லிம்போமா உள்ள பெரும்பாலான பூனைகளுக்கு லுகீமியா வைரஸ் சோதனையில் "இல்லை" என்றே வரும். அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

மூக்குச் சளியைப் பஞ்சில் தடவிக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பினால் என்ன?

பணம் போகும். ஆரோக்கியமான பூனையின் மூக்கிலும் பாக்டீரியா வளரும். ஆரோக்கியமான பூனையிடமும் ஹெர்பெஸ் வைரஸ் ஒளிந்திருக்கும், பி.சி.ஆர். சோதனையில் "உண்டு" என்றும் வரும். அது இருப்பதால் கட்டி இல்லை என்று ஆகிவிடாது.

பூஞ்சையும் இப்படித்தான் இருக்குமாமே?

ஆமாம். புற்றுநோய் என்று முடிவு கட்டிய பூனைக்குப் பூஞ்சையாக இருந்து மருந்தில் குணமாவது எங்கள் தொழிலின் அரிய சந்தோஷங்களில் ஒன்று.

முக்கியமானது கிரிப்டோகாக்கஸ். புறா எச்சத்திலும் யூகலிப்டஸ் மரங்களின் மக்கிய பகுதிகளிலும் வாழும் பூஞ்சை இது. பூனை முகர்ந்து பார்க்கும் பிராணி. மூக்கு வழியாகவே போகிறது. மூக்குத் தண்டு புடைத்து முகமே மாறிவிடும், துவாரத்திலிருந்து சதைத் திரள் எட்டிப் பார்க்கும். கட்டியேதான் என்று தோன்றும். கண்ணின் விழித்திரையையும் மூளையையும் இது தாக்கும் என்பதால்தான் முதல் நாளே விழித்திரையைப் பார்க்கிறோம். இதற்கு இரத்தத்தில் ஆன்டிஜென் சோதனை இருக்கிறது. மனிதர்களுக்குச் செய்யும் அதே சோதனைதான், நம்பகமானது. மூக்கில் புடைப்போடு வரும் எந்தப் பூனைக்கும் ஸ்கேனுக்கு முன் இதைச் செய்துவிடுவேன். பூனையிடமிருந்து நேரடியாக மனிதருக்கு இது தொற்றுவதில்லை. புறா எச்சம் இருவருக்கும் பொது ஆபத்து.

ஸ்போரோத்ரிக்ஸ் என்ற இன்னொரு பூஞ்சை உண்டு. இது பூனையின் கீறலில் மனிதருக்கும் வரும். மூக்கின் மேல் ஆறாத புண்ணோடு வரும் பூனையைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பாரசீகப் பூனைகளிடம் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை மூக்கிலிருந்து கண்குழிக்குப் பரவுவதும் உண்டு.

எக்ஸ்ரே போதாதா? சி.டி. ஸ்கேன் ஏன்?

மூக்குக்குள் காகிதம் போன்ற மெல்லெலும்புகள் சுருள்சுருளாக இருக்கின்றன. எக்ஸ்ரேயில் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து குழம்பும். சி.டி. ஸ்கேன் மூக்கைப் பாகற்காய் அரிவது போல வளையம் வளையமாக அரிந்து காட்டும். எந்தச் சுருள் கரைந்திருக்கிறது, நடுச்சுவர் உடைந்திருக்கிறதா, கண்குழிக்குள் போயிருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக மூக்கையும் மூளையையும் பிரிக்கும் சல்லடை எலும்பு முழுதாக இருக்கிறதா என்று தெரியும். அந்தச் சல்லடை கரைந்திருந்தால் சிகிச்சைத் திட்டமே மாறும். திசு எடுக்கும் கையும் கவனமாக இருக்க வேண்டும்.

சி.டி. வசதி இல்லாத ஊரில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மயக்க மருந்து கொடுத்து, வாய்க்குள் படச்சுருளை வைத்து மேலிருந்து எடுக்கும் எக்ஸ்ரே, இரண்டு நாசிக்குழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட உதவும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் மென் அண்ணத்துக்கு மேலே கருப்பாகத் தெரிய வேண்டிய காற்றுப் பாதையில் வெள்ளைத் திரள் அடைத்திருந்தால் அதுவே பெரிய செய்தி. விழித்திருக்கும் பூனையைப் பிடித்துவைத்து எடுத்த மண்டை எக்ஸ்ரே மட்டும் வேண்டாம். கோணலான படம் கோணலான முடிவைத்தான் தரும்.

ஒரு வரிசை முக்கியம்: முதலில் ஸ்கேன், பிறகு உள்நோக்கி (எண்டோஸ்கோப்), கடைசியில் திசு. திசு எடுத்துவிட்டு ஸ்கேன் செய்தால் படத்தில் தெரிவது கட்டியா, உறைந்த இரத்தமா என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்றையும் ஒரே மயக்கத்தில் முடித்துவிட்டால் பூனைக்கும் நல்லது, செலவும் குறையும்.

ஸ்கேனில் கட்டி தெளிவாகத் தெரிகிறது. பிறகு எதற்குத் திசு?

ஸ்கேன் இடத்தைச் சொல்லும், பெயரைச் சொல்லாது. எலும்பைக் கரைப்பது புற்றுநோய் மட்டும் அல்ல. பூஞ்சையும் கரைக்கும், நாட்பட்ட அழற்சியும் ஓரளவு கரைக்கும். இன்னும் வினோதமான ஒன்று உண்டு. ஒரு வயதுகூட நிரம்பாத பூனைகளின் மூக்கில் ஹமர்டோமா என்ற திசு வளர்ச்சி வருவதுண்டு. ஸ்கேனில் எலும்பை அரித்துக்கொண்டு, மூக்கில் இரத்தம் ஒழுக, கொடிய புற்றுநோயின் எல்லா வேடத்தையும் போட்டுக்கொண்டு நிற்கும். எடுத்துவிட்டால் பூனை பிழைத்துக்கொள்ளும். படத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் அந்தக் குட்டியைக் கருணைக்கொலை செய்திருப்போம்.

திசுவை எப்படி எடுக்கிறார்கள்? பூனைக்கு வலிக்குமா?

முழு மயக்கத்தில், மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தி எடுக்கிறோம். அந்தக் குழாயைச் சுற்றியுள்ள சிறு பலூனை ஊதி, தொண்டையில் காஸ் துணியைச் சுருட்டி அடைப்போம். இரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் இருக்க. எத்தனை துணி வைத்தோம் என்று பலகையில் எழுதிவைத்து, கடைசியில் எண்ணி எடுப்போம். கேட்பதற்குச் சில்லறை விஷயம். மறந்துபோன ஒரு துணி பூனையைக் கொன்றுவிடும்.

முதலில் பின்வாசல். வளையும் உள்நோக்கியை வாய் வழியாக விட்டு, மென் அண்ணத்தின் விளிம்பைத் தாண்டியதும் கொக்கி போல மேலே திருப்பினால் மூக்கின் பின்புறம் திரையில் தெரியும். அந்த உள்நோக்கி இல்லாத இடத்தில் கருத்தடை அறுவைக்குப் பயன்படுத்தும் கொக்கியால் மென் அண்ணத்தை முன்னுக்கு இழுத்து, பல் மருத்துவரின் சிறு கண்ணாடியை வைத்துப் பார்ப்பேன். இருபது ரூபாய்ச் சாமர்த்தியம், பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

பிறகு முன்வாசல். பூனையின் மூக்குக்குள் நுழைய இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாத உள்நோக்கி வேண்டும். உள்ளே விடும் எந்தக் கருவியையும் முதலில் வெளியே வைத்து, மூக்கு நுனியிலிருந்து கண்ணின் உள்மூலை வரை அளந்து, அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கோட்டுக்கு அப்பால் இருப்பது சல்லடை எலும்பு. அதற்கு அப்பால் மூளை.

செவலைக்கு உள்நோக்கியில் வெளிர் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது, மேலே சளி. உப்பு நீரைச் சிரிஞ்சில் நிரப்பி, தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, இடது துவாரத்தை விரலால் மூடிக்கொண்டு, வலதில் வேகமாக அழுத்தினோம். இரண்டு முறை தண்ணீர் மட்டும் வந்தது. மூன்றாவது முறை பின்வாசல் வழியாகத் தொண்டைத் துணியில் பொத்தென்று ஒன்று விழுந்தது: சுண்டுவிரல் நகம் அளவுக்கு, வேகவைத்த மீன் சதை போன்ற நிறத்தில், விரலால் தொட்டால் நசுங்கும் அளவுக்கு மென்மையாக. இந்த முறையில் திசுவும் கிடைக்கும், அடைப்பும் அன்றே குறையும். கட்டி மென்மையாக இருந்தால்தான் இது நடக்கும். கார்சினோமா அப்படிப் பெயர்ந்து வருவது குறைவு. அதற்குக் கிண்ண வடிவ இடுக்கியால் கிள்ளித்தான் எடுக்க வேண்டும். ஒரு துண்டு போதாது. மேற்பரப்பில் பெரும்பாலும் அழற்சிதான் இருக்கும் என்பதால், ஒரே இடத்தில் ஆழமாகப் போய் ஆறு துண்டுகளாவது எடுப்பேன்.

இரத்தம் வரும். குளிர்ந்த உப்பு நீரும் சில நிமிடப் பொறுமையும் பெரும்பாலும் போதும். வலிக்கான மருந்து முன்பே கொடுத்துவிடுகிறோம். வீட்டுக்கு வந்தபின் ஓரிரு நாள் தும்மும்போது சுவரில் இரத்தப் புள்ளிகள் தெறிக்கலாம். வெள்ளைச் சுவர் உள்ள அறையில் விடாதீர்கள். சொட்டுச் சொட்டாக நிற்காமல் வந்தால் மட்டும் உடனே அழையுங்கள்.

குரல்வளைக் கட்டியைக் கண்டறிவது இதைவிட ஆபத்தானதா?

ஆபத்தானதுதான். மூக்கு அடைத்தால் வாய் இருக்கிறது. குரல்வளை அடைத்தால் வேறு வழி இல்லை.

அதற்கும் முன்னால் நம் நாட்டில் சொல்லியே ஆக வேண்டிய எச்சரிக்கை: குரல் மாற்றம், விழுங்க முடியாமை, எச்சில் ஒழுகுதல் ஆகியவை வெறிநோயின் அறிகுறிகளும்கூட. தடுப்பூசி போடாத பூனை, தெருவில் சுற்றும் பூனை, எப்போதோ கடிபட்ட பூனை என்றால் "தொண்டையில் முள் சிக்கியிருக்கிறது" என்று விரலை வாய்க்குள் விடாதீர்கள். மருத்துவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குரல்வளையில் அதிகம் வருபவை லிம்போமாவும், தட்டைச் செல்களில் தோன்றும் ஸ்குவாமஸ் செல் கார்சினோமாவும். விழித்திருக்கும்போதே கழுத்தின் மேல் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்க முடியும். திரள் தெரிந்தால் மெல்லிய ஊசியால் உறிஞ்சவும் முடியும். நேரில் பார்க்க வேண்டுமானால் முதலில் ஆக்ஸிஜன், பிறகு லேசான மயக்கம். மிகச் சிறிய மூச்சுக்குழாய்களையும், கழுத்தில் துளையிடும் கருவிகளையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். கிள்ளிய இடம் வீங்கும். மயக்கம் தெளியும் நேரமே அதிக ஆபத்தானது. கழுத்துத் துளைக் குழாய் பூனைகளுக்குச் சளியால் விரைவில் அடைத்துக்கொள்ளும், இரவு முழுவதும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். இதற்கு ஏற்பாடு இல்லாத இடத்தில் இதைச் செய்யச் சொல்லி மருத்துவரை வற்புறுத்தாதீர்கள்.

இவ்வளவு ஆபத்துக்கும் நடுவில் திசு ஏன் வேண்டும்? குரல்வளையில் வரும் வெறும் அழற்சி, கண்ணுக்குப் புற்றுநோயைப் போலவே தடித்துச் சிவந்திருக்கும். அனுபவசாலிகளும் ஏமாந்திருக்கிறார்கள். அந்த அழற்சி ஸ்டீராய்டில் வடியக்கூடியது.

"அழற்சி மட்டுமே, புற்றுநோய் இல்லை" என்று அறிக்கை வந்திருக்கிறது. நம்பலாமா?

ஸ்கேனையும் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்கேனில் திரள் இல்லை, இரண்டு பக்கமும் லேசான வீக்கம் என்றால் நம்பலாம். ஸ்கேனில் எலும்பைக் கரைக்கும் திரள் இருந்து, அறிக்கையில் வெறும் அழற்சி என்றால், இடுக்கி கட்டியைத் தொடாமல் போயிருக்கலாம். மறுபடி, ஆழமாக எடுக்க வேண்டும். சொல்வதற்குச் சங்கடமாகத்தான் இருக்கும். நானும் ஒரே பூனையை இரண்டு முறை மயக்கத்துக்கு உட்படுத்தியிருக்கிறேன்.

"இம்யூனோ" என்று கூடுதல் சோதனை கேட்கிறார்கள். தேவையா?

சில சமயம் தேவை. நாட்பட்ட அழற்சியிலும் லிம்போசைட்டுகள் திரண்டு நிற்கும், லிம்போமாவிலும் அவையேதான். இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்பது செல்களின் மேல் உள்ள அடையாளங்களுக்கு நிறம் ஏற்றும் முறை. லிம்போசைட்டுகளில் டி, பி என்று இரு வகை உண்டு; சி.டி.3 என்ற அடையாளம் டி வகைச் செல்லைக் காட்டும், சி.டி.20 பி வகையைக் காட்டும். (ஸ்கேனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.) பூனையின் மூக்கு லிம்போமா பெரும்பாலும் பி வகை. எல்லாம் ஒரே நிறத்தில் திரண்டிருந்தால் சந்தேகம் வலுக்கும். கலவையாக இருந்தால் அழற்சிப் பக்கம் சாயலாம். அதிலும் தெளியாவிட்டால் எல்லாச் செல்களும் ஒரே மூலச் செல்லிலிருந்து வந்தவையா என்று டி.என்.ஏ. வழியாகப் பார்க்கும் சோதனை உண்டு. அதுவும் தவறக்கூடியதே.

செல் வகை தெரியாத அளவுக்கு உருமாறிய கட்டிக்கும் இதே நிறமேற்றும் முறைதான் துணை. கார்சினோமாவா, லிம்போமாவா, சார்கோமாவா என்று பிரித்துக் காட்டும். அதனால் திசுவை அதன் பருமனைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலினில் போட்டு அனுப்ப வேண்டும். தண்ணீரிலோ உப்பு நீரிலோ போட்டுக் கூரியரில் அனுப்பினால் அழுகிய சதைதான் போய்ச் சேரும்.

என் பூனைக்கு ஒரு வயதுதான். குறட்டை விடுகிறது. பயப்பட வேண்டுமா?

முதலில் பாலிப்பைத் தேடுங்கள். நடுக்காதிலோ காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயிலோ முளைத்து, மூக்கின் பின்வாசலில் வந்து தொங்கும் இளஞ்சிவப்புச் சதை அது. புற்றுநோய் அல்ல. மயக்கத்தில் பிடித்து இழுத்தால் காம்போடு வந்துவிடும். வேர் காதில் தங்கினால் மீண்டும் முளைக்கலாம், அப்போது காதெலும்பைத் திறக்க நேரிடும். காதையும் பார்க்கச் சொல்லுங்கள். தலையைச் சாய்த்து வைத்திருக்கும் பூனைக்குக் காதில்தான் விஷயம் இருக்கும்.

வெள்ளைப் பூனையின் மூக்கு நுனியில் ஆறாத பொருக்கு இருக்கிறது. இதுவும் அதுதானா?

இல்லை. இது வெயிலால் தோலில் வரும் ஸ்குவாமஸ் செல் கார்சினோமாவாக இருக்கலாம். காது விளிம்பிலும் வரும். சிறியதாக இருக்கும்போதே தோலில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்துவிட்டால் அறுவையில் குணமாக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஸ்கேனுக்கு ஓட வேண்டியதில்லை, களிம்பு தடவிக் காத்திருக்கவும் வேண்டாம்.

லிம்போமா என்று உறுதியாகிவிட்டது. உடனே சிகிச்சையைத் தொடங்கலாமா?

இன்னும் ஒரு படி இருக்கிறது. கட்டி மூக்கோடு நிற்கிறதா, வேறெங்கும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று அல்ட்ராசவுண்ட், தொண்டைக்குப் பின்னுள்ள நிணநீர் முடிச்சுகள். சிறுநீரகங்களைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். மூக்கு லிம்போமா அங்கே தலைகாட்டும் வழக்கம் உண்டு.

மூக்கோடு நின்றால் கதிரியக்கச் சிகிச்சைக்கு இது நன்றாகக் கரையும். அந்தச் சிகிச்சை கிடைத்த பூனைகள் பல ஓராண்டைத் தாண்டி வாழ்கின்றன. பிராணிகளுக்கான கதிரியக்கம் நம் பக்கத்தில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே பலருக்குக் கீமோதெரபிதான் கைக்கு எட்டுவது. பூனைகள் அதை மனிதர்களை விட நன்றாகவே தாங்குகின்றன, மொட்டையும் ஆவதில்லை, மீசை மட்டும் உதிரும். கார்சினோமா என்றால் பதில் வேறு, எதிர்பார்ப்பும் வேறு.

பூனைக்குப் பதினாறு வயது. மயக்கம் கொடுக்க மனமில்லை. திசு எடுக்காமல் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாமா?

கொடுக்கலாம், அது என்னவென்று தெரிந்துகொண்டு. அப்போது அது சோதனை அல்ல, ஆறுதல் சிகிச்சை. சில வாரங்களோ ஓரிரு மாதங்களோ மூச்சு இலகுவாகலாம். "ஸ்டீராய்டில் குறைந்ததே, அப்படியானால் லிம்போமாதான்" என்று திரும்பிக் கணக்குப் போடக் கூடாது; அழற்சியும் குறையும். அதற்கு முன் கிரிப்டோகாக்கஸ் இரத்தச் சோதனையை மட்டும் செய்துவிடுங்கள். பூஞ்சைக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் எரிகிற தீயில் எண்ணெய்.

அறிக்கை வரும் வரை வீட்டில் என்ன செய்வது?

பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். குழந்தைக்குக் கொடுக்கும் சிறு அளவு சிரப்புகூடப் பூனையைக் கொல்லும். மனிதரின் சளி மாத்திரை, கற்பூரத் தைலம், யூகலிப்டஸ் எண்ணெய் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, வெறும் ஆவி நிறைந்த அறையில் பூனையோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். மூக்கில் காய்ந்த பொருக்கை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து எடுங்கள், பிய்க்காதீர்கள்.

பூனை மோப்பம் பிடிக்க முடியாததைச் சாப்பிடாது. மூக்கடைத்த பூனை பட்டினி கிடப்பதற்குப் பசியின்மை மட்டும் காரணம் அல்ல. மத்தி மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள் நீக்கி, சூட்டோடு பிசைந்து வையுங்கள். ஆறினால் மறுபடி சூடாக்குங்கள். ஒரு நாள் முழுக்க எதுவும் சாப்பிடவில்லை என்றால் அறிக்கைக்குக் காத்திராமல் கூட்டி வாருங்கள். பூனையின் கல்லீரல் பட்டினியைத் தாங்காது. தேவைப்பட்டால் கழுத்து வழியாக உணவுக் குழாய் பொருத்தலாம். செவலை அந்தக் குழாயோடு பதினோரு நாள் ஆசிரியையின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. பன்னிரண்டாம் நாள் அவர் அம்மியில் கருவாட்டுத் தொக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது தானாக எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்ததாகத் தொலைபேசியில் சொன்னார். கருவாடு கொடுக்க வேண்டாம், உப்பு அதிகம் என்றேன். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தார்.